இந்த நம்பர் எங்கிருந்து வந்தது? முதலீட்டு வங்கியில் இன்டர்னாகப் போகிறவர்களுக்கு

2025 ஏப்ரலில், எம்பிஏ முதல் வருடத் தேர்வு முடிந்த கையோடு, கோயம்புத்தூர்–குர்லா எக்ஸ்பிரஸில் ஏறி மும்பை போனேன். பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸில், எல்லோரும் பிகேசி என்று சொல்கிற இடத்தில், ஒரு முதலீட்டு வங்கியில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப். கம்பெனி மதிப்பீடு பற்றிய ஒரு தலையணைப் புத்தகத்தை, "இத்தனை கனத்தை யாருடா தூக்குறது" என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் பையில் திணித்துக்கொண்டு போனேன். எட்டு வாரத்தில் அதை ஒரே ஒரு தடவை திறந்தேன், அதுவும் உள்ளே செருகி வைத்த பிஜி வாடகை ரசீதைத் தேடுவதற்காக.

அங்கே தினமும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த நம்பர் எங்கிருந்து வந்தது? எக்செல்லில் ஒரு செல்லைக் காட்டிக் கேட்பார்கள், ஸ்லைடில் ஒரு வரியைக் காட்டிக் கேட்பார்கள், ராத்திரி பதினொன்றுக்கு போனில் கேட்பார்கள். இதற்கு உடனே பதில் சொல்லத் தெரிந்தால் இன்டர்னாகப் பிழைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் என்ன படித்திருந்தாலும் கஷ்டம்தான்.

இப்போது காலேஜ் ஜூனியர்கள் ஒவ்வொருவராக போன் போட்டு "அண்ணா, என்ன படிச்சிட்டுப் போகணும்?" என்று கேட்கிறார்கள். அதே பதிலைப் பத்துத் தடவை சொல்வதற்குப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு விஷயம் முதலிலேயே: எனக்கு அங்கே பிபிஓ, அதாவது படிப்பு முடிந்ததும் வந்து சேர்ந்துகொள் என்கிற வேலைக் கடிதம், கிடைக்கவில்லை. என்னோடு இருந்த மூன்று பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஆகவே இதை ஜெயித்தவன் சொல்லும் ரகசியமாக எடுத்துக்கொள்ளாமல், விழுந்து எழுந்தவன் எந்த இடத்தில் பள்ளம் என்று காட்டுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த டீம் என்று முதலில் கேளுங்கள்

"பெரிய முதலீட்டு வங்கியில் இன்டர்ன்ஷிப்" என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் பத்து வேறு வேறு வேலை இருக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத், சென்னை, மும்பை எல்லா ஊரிலும் வெளிநாட்டு வங்கிகளின் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே நடப்பதில் பெரும்பங்கு மென்பொருள், ரிஸ்க் கணக்கு, பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பது. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கம்பெனிகளை வாங்கி விற்பது, ஐபிஓ (ஒரு கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) கொண்டுவருவது என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு போய்ப் பரிவர்த்தனை சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்தால் இரண்டு மாதமும் முகம் தொங்கிப் போய்விடும். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது.

ஆஃபர் கடிதம் வந்ததும் எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு எந்தப் பிரிவு, எந்த ஊர், யாருக்குக் கீழே என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. இன்னொன்று, இந்தியச் சட்டத்தில் இந்த வேலைக்குப் பெயர் மெர்ச்சன்ட் பேங்கர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும், 1992ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. டெபாசிட் வாங்குகிற, வீட்டுக் கடன் கொடுக்கிற வங்கி இல்லை இது. என் தாத்தாவுக்கு இதைக் கடைசி வரை புரியவைக்க முடியவில்லை, "எந்த பிராஞ்ச்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

படி 2: கிளம்புவதற்கு முந்தைய ஒரு மாதம்

ஒரே ஒரு டிஆர்எச்பியை முழுசாகப் படியுங்கள். ஐபிஓவுக்கு வருகிற கம்பெனி செபியிடம் தாக்கல் செய்கிற வரைவு ஆவணம் அது. செபி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், நானூறு ஐந்நூறு பக்கம் இருக்கும், பயந்துவிடாதீர்கள். எல்லாப் பக்கமும் ஒரே கனம் கிடையாது. முதலில் பணம் எங்கே போகிறது என்று சொல்கிற பகுதியைப் பாருங்கள். 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா 27,870 கோடி ரூபாய்க்கு ஐபிஓ வந்ததே, அதில் ஒரு ரூபாய்கூட இந்தியக் கம்பெனிக்குள் வரவில்லை. முழுவதும் கொரியத் தாய் நிறுவனம் தன் பங்கை விற்றது. 2022 மே மாத எல்ஐசி ஐபிஓவும் அப்படியே, விற்றது அரசாங்கம். புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டுவதும் பழைய பங்குதாரர் விற்றுவிட்டுப் போவதும் வேறு வேறு கதை. இந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்திருந்தால் உங்களை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்ப்பார்கள்.

அப்புறம் வெளியீட்டு விலைக்கு ஆதாரம் என்ன என்று ஒரு பகுதி வரும். அதே தொழிலில் பட்டியலிடப்பட்ட மற்ற கம்பெனிகளை வரிசையாகப் போட்டு ஒப்பிட்டிருப்பார்கள். அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நம்பரையும் அந்தந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் போய் நீங்களே தேடிப் பாருங்கள். இரண்டு நாள் பிடிக்கும். இதுவே உங்கள் இன்டர்ன்ஷிப்பின் பாதி வேலை.

இன்டர்வியூவுக்கும் முதல் வாரத்துக்கும் சேர்த்து ஒரு கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். தேய்மானம் 10 ரூபாய் கூடினால் என்ன ஆகும்? வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.50 குறையும், நிகர லாபம் 7.50 குறையும். தேய்மானத்துக்காகக் கையிலிருந்து பணம் எதுவும் போகவில்லை, அதனால் பணவரவுக் கணக்கில் அந்தப் பத்தைத் திருப்பிச் சேர்த்தால் ரொக்கம் 2.50 கூடியிருக்கும். ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) சொத்துப் பக்கம் ரொக்கம் 2.50 மேலே, இயந்திரம் 10 கீழே, ஆக 7.50 குறைவு, மறுபக்கம் மூலதனத்தில் அதே 7.50 குறைவு. சரியாகப் போய்விட்டது. இதை மனப்பாடம் செய்யாதீர்கள், ஏன் என்று யோசித்துப் பழகுங்கள், ஏனென்றால் அடுத்த நிமிடமே "சரி, தேய்மானத்துக்குப் பதில் சரக்கு இருப்பு 10 ரூபாய் கூடினால்?" என்று கேட்பார்கள்.

எக்செல்லில் மவுஸைத் தொடாமல் வேலை செய்யப் பழகிக்கொண்டு போங்கள். எஃப்2 அழுத்தினால் ஃபார்முலா திறக்கும், எஃப்4 அழுத்தினால் டாலர் குறி விழும், கண்ட்ரோலும் திறக்கும் சதுர அடைப்புக்குறியும் சேர்த்து அழுத்தினால் அந்த நம்பர் எந்தச் செல்லிலிருந்து வருகிறதோ அங்கே கூட்டிப் போகும். இந்தக் கடைசி ஒன்றைத்தான் நான் அதிகம் அழுத்தினேன். கையால் அடித்த நம்பர் நீல நிறம், ஃபார்முலா கறுப்பு, வேறு ஷீட்டிலிருந்து வருவது பச்சை. இந்த நிற வழக்கத்தைப் போகும்போதே கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீலம் என்றாலே "இதை யாரோ அடித்திருக்கிறார்கள், எங்கே பார்த்து அடித்தார்கள்?" என்று அடுத்தவர் கண் அங்கே போகும்.

படி 3: தங்குவதும் சாப்பிடுவதும்

பிகேசிக்கு நடந்தோ ஒரே வண்டியிலோ போகிற தூரத்தில் இடம் பிடியுங்கள். நான் குர்லா மேற்கில் மூன்று பேர் அறையில் மாதம் 14,000 கொடுத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு வேலை முடிந்து தாணேவுக்கோ நவி மும்பைக்கோ போக நினைத்தால் உங்களுக்குத் தூக்கம் கிடையாது. 2024 அக்டோபரிலிருந்து மெட்ரோ மூன்றாம் தடம் பிகேசிக்கு வருகிறது, அந்தேரிப் பக்கம் தங்குகிறவர்களுக்கு அது நல்ல வசதி.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு நினைப்பு வந்தால் மாதுங்கா போங்கள். ஸ்டேஷன் வாசலிலேயே ராம நாயக் உடுப்பியில் வாழையிலைச் சாப்பாடு, கிங்ஸ் சர்க்கிளில் காபிக்கு நாலைந்து இடம். பூக்கடையில் தமிழில் விலை சொல்வார்கள். ஹிந்தி தெரியாதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: ஆபீஸ் வேலை முழுக்க ஆங்கிலம், ஆனால் கம்பெனி முதலாளிகளோடு கான்ஃபரன்ஸ் காலில் பேச்சு சூடானதும் ஹிந்திக்கோ குஜராத்திக்கோ தாவிவிடும். எனக்குப் பாதி புரியவில்லை. காலுக்குப் பிறகு பக்கத்து சீட்டில் "நான் எழுதினது சரியா?" என்று காட்டிக் கேட்டுக்கொண்டேன், யாரும் கடிந்துகொள்ளவில்லை.

படி 4: முதல் நாள், வாய்க்குப் பூட்டு

முதல் நாள் லேப்டாப்பும் அடையாள அட்டையும் கொடுப்பதற்கு முன் ஒரு கத்தைக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். சும்மா கையெழுத்துப் போட்டுவிடாமல் படியுங்கள். செபியின் 2015ஆம் ஆண்டு உள்தகவல் வர்த்தகத் தடை விதிமுறைகளின்படி, இன்னும் வெளியே வராத, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் யார் யார் கையில் இருக்கிறது என்று பெயரும் பான் எண்ணும் போட்டு ஒரு டிஜிட்டல் பதிவேடு வைத்திருக்க வேண்டும். இரண்டு மாத இன்டர்னாக இருந்தாலும் உங்கள் பான் எண் அதில் ஏறும். பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு இருந்தால் சொல்லச் சொல்வார்கள். பங்கு வாங்க, விற்க முன் அனுமதி வேண்டும். எட்டு வாரத்துக்குப் பங்கு வாங்கி விற்கும் ஆப்பையே போனிலிருந்து எடுத்துவிடுங்கள், நிம்மதி.

இரண்டாவது வாரமே என் சித்தப்பா போன் போட்டார். "டேய், பெரிய இடத்துல இருக்க, நல்ல ஷேரா ஒண்ணு சொல்லேன்." சிரித்து மழுப்பினேன். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் இதே விளையாட்டுதான் பெரிய பெரிய ஆட்களைச் சிறையில் தள்ளியிருக்கிறது. கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினம் நியூயார்க்கில் கேலியன் என்ற ஹெட்ஜ் ஃபண்ட், அதாவது பணக்காரர்களின் பணத்தை முதலீடு செய்யும் நிறுவனம், நடத்தியவர்; போன் உரையாடல்களை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த ஆதாரத்தில் மாட்டி 2011இல் 11 வருடத் தண்டனை வாங்கினார். கோல்ட்மேன் சாக்ஸ் இயக்குநர் குழுவில் இருந்துகொண்டு அவருக்குத் தகவல் சொன்ன ரஜத் குப்தாவுக்கு 2012இல் இரண்டு வருடம். அவர்கள் அளவுக்கு நமக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்பது வேறு விஷயம். இருந்தாலும் லிஃப்டில் பேசாதீர்கள், ஷேர் ஆட்டோவில் பேசாதீர்கள், லோக்கல் ட்ரெயினில் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். எந்த டீலுக்கும் ஒரு புனைபெயர் இருக்கும், ஏதாவது ஒரு மலையின் பெயரோ பறவையின் பெயரோ. ஆபீஸுக்குள்ளேயே அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டால் "எக்செல் வேலைம்மா" போதும், அது பொய்யும் இல்லை.

கூப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மேலே இருந்த அசோசியேட் செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முதல் நாளே வாய் தவறி "அக்கா" என்றுவிட்டேன். "அக்கா எல்லாம் வீட்டுல வச்சுக்கோ, இங்க பேர் சொல்லிக் கூப்பிடு" என்றார். அங்கே மேனேஜிங் டைரக்டரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நமக்கு நாக்கு வராது. எனக்கு மூன்று வாரம் ஆனது, அதுவரைக்கும் யாரையும் எதுவும் கூப்பிடாமலே "எக்ஸ்கியூஸ் மீ" போட்டுச் சமாளித்தேன்.

படி 5: காம்ப்ஸ் போடுவது

முதல் உண்மையான வேலை அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். உங்கள் கம்பெனி மாதிரி பத்துப் பதினைந்து பட்டியலிடப்பட்ட கம்பெனிகளை வரிசையாகப் போட்டு, சந்தை அவற்றுக்கு என்ன விலை கொடுக்கிறது என்று அட்டவணை போடுவது. கேட்க எளிதாக இருக்கும். பங்கு விலையைப் பங்கு எண்ணிக்கையால் பெருக்கு, கடனைக் கூட்டு, ரொக்கத்தைக் கழி, எபிட்டாவால், அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தால், வகு. ஆறாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு குழி இருக்கிறது, நான் பெரும்பாலானவற்றில் விழுந்தேன்.

என் டீம் எடுத்திருந்தது ஒரு உணவுப் பொருள் கம்பெனியின் ஐபிஓ. ஒப்பீட்டில் நெஸ்லே இந்தியாவும் இருந்தது. முந்தைய ஆண்டு விற்பனை 24 ஆயிரம் கோடிக்கு மேல், அந்த ஆண்டு விற்பனை 20 ஆயிரம் கோடிச் சொச்சம். வளர்ச்சிக் கட்டத்தில் பதினைந்து சதவீதத்துக்கும் மேல் சரிவு என்று வந்தது. நான் பார்த்தேன், "அடடா, மேகி விற்கவில்லை போல" என்று மனதுக்குள் காரணம் கற்பித்துக்கொண்டு அப்படியே அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் அசோசியேட் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"இந்த இருபத்திநாலாயிரம் எங்கிருந்து வந்தது?"

"ஆண்டறிக்கை."

"எத்தனை மாசத்து நம்பர்?"

அப்போதுதான் போய்ப் பார்த்தேன். நெஸ்லே இந்தியா பல வருடமாக ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைத்துவிட்டு, அப்புறம் ஏப்ரல்–மார்ச்சுக்கு மாறியது. மாறும்போது 2024 மார்ச்சில் முடிந்த ஒரு கணக்காண்டை 15 மாதமாகப் போட்டது. அறிக்கையின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. நான் நம்பரைப் பார்த்தேன், தலைப்பைப் பார்க்கவில்லை. அது போதாதென்று 2024 ஜனவரியில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்திருந்தார்கள். பழைய ஆண்டுகளின் ஒரு பங்குக்கான லாபத்தை அப்படியே எடுத்தால் அதுவும் பத்து மடங்கு தப்பு.

அன்று ராத்திரி ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் இவற்றைப் பாருங்கள்: எத்தனை மாதக் கணக்கு, எந்த மாதத்தில் முடிகிறது. தனிக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கா. ஆண்டறிக்கையில் இரண்டும் இருக்கும், ஒரே மாதிரி இருக்கும், சேர்த்த கணக்குதான் வேண்டும். கோடியா, லட்சமா, மில்லியனா. இந்தியக் கம்பெனிகள் இந்த மூன்றிலும் எழுதுகின்றன, ஒரு கோடி என்பது பத்து மில்லியன், ஒரே ஷீட்டில் கலந்தால் ஒரு கம்பெனி திடீரென்று பத்து மடங்கு பெரிதாகிவிடும். பங்குப் பிரிப்பு, போனஸ் பங்கு வந்திருக்கிறதா. ஊழியர்களுக்குக் கொடுத்த பங்கு உரிமைகள் சேர்ந்ததா.

அப்புறம் வாடகை. இது நுணுக்கமானது, ஆனால் கேட்பார்கள். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியக் கணக்கியல் தரம் 116 அமலில் இருக்கிறது; நீண்ட காலக் கடை வாடகையைச் செலவாகக் காட்டாமல் தேய்மானம், வட்டி என்று பிரித்துக் காட்டுகிறார்கள். எபிட்டா இவை இரண்டையும் கழிப்பதற்கு முந்தைய லாபம், அதனால் வாடகை முழுக்க எபிட்டாவுக்கு வெளியே போய்விடுகிறது. உணவகச் சங்கிலி, துணிக்கடைச் சங்கிலி மாதிரி ஏகப்பட்ட வாடகைக் கடை வைத்திருக்கிற கம்பெனிகளுக்கு எபிட்டா ஒரே நாளில் கொழுத்துவிட்டது, கல்லாவில் ஒரு பைசாகூடக் கூடவில்லை. ஒரு கம்பெனிக்கு பழைய முறை, இன்னொன்றுக்குப் புதிய முறை என்று கலந்து போட்டால் அந்த அட்டவணையை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

டேட்டாபேஸ் இருக்கிறதே, அதிலிருந்து இறக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். இறக்கலாம், எல்லோரும் இறக்குகிறார்கள். ஆனால் "எங்கிருந்து வந்தது" என்ற கேள்விக்கு டேட்டாபேஸின் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆண்டறிக்கை, எந்த ஆண்டு, எத்தனாம் பக்கம். அதுதான் பதில். நான் கடைசியில் ஒவ்வொரு நீல நம்பருக்குப் பக்கத்திலும் பக்க எண்ணை ஒரு குறிப்பாகப் போட ஆரம்பித்தேன். ஒரு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமானது, ஆனால் மேசைக்கு யாரும் வருவது நின்றது.

மதிப்பீட்டு மாடல் பற்றி ஒரு பத்தி போதும், ஏனென்றால் இன்டர்ன் கையில் அதை முழுசாகக் கொடுக்க மாட்டார்கள். எதிர்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் டிசிஎஃப் மாடலில், ஐந்து பத்து வருடத்துக்கு அப்பால் வருவதெல்லாம் ஒரே தொகையாகக் கடைசியில் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு நம்பர் எவ்வளவு ஆடும் என்று பாருங்கள். பணவரவு 100 கோடி, தள்ளுபடி விகிதம் (எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 12 சதவீதம், நிரந்தர வளர்ச்சி 5 சதவீதம் என்றால் 1,500 கோடி. வளர்ச்சியை மட்டும் 6 ஆக்கினால் 1,767 கோடி. ஒரே ஒரு கட்டத்தில் ஐந்தை ஆறாக்கியதற்கு 267 கோடி. இதைப் பார்த்த பிறகு எனக்கு மாடல்கள் மேல் இருந்த பக்தி கொஞ்சம் குறைந்தது, காம்ப்ஸ் மேல் மரியாதை கூடியது.

படி 6: பேக்கப்

ஐபிஓ டீமில் இன்டர்னின் தலையில் விழுகிற வேலை இது, எழுதியதற்கெல்லாம் ஆதாரம் திரட்டி வைப்பது. எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

டிஆர்எச்பியில் கம்பெனி தன்னைப் பற்றி எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் வேண்டும். எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்தோம் என்று வங்கி செபிக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறது, அதனால் வெறும் வாய்ப்பேச்சு உதவாது. "நாங்கள் தென்னிந்தியாவின் முன்னணி நிறுவனம்" என்று எழுதினால் எந்த ஆய்வறிக்கையில், எந்தப் பக்கத்தில்? "எங்கள் தொழிற்சாலையில் 600 பேர்" என்றால் பிஎஃப் ரசீது எங்கே? வாக்கியத்துக்கு ஒரு எண் கொடுத்து, அதே எண்ணில் ஒரு ஃபைல் வைத்து, அந்த ஃபைலில் சம்பந்தப்பட்ட வரியை மஞ்சளில் குறித்து வைக்க வேண்டும். கணக்குப் புத்தகத்திலிருந்து வரும் நம்பர்களுக்கு ஆடிட்டர் கடிதம் கொடுப்பார். மற்றதெல்லாம் நம் பொறுப்பு.

எனக்கு வந்த வாக்கியங்களில் ஒன்று "12,000-க்கும் மேற்பட்ட கடைகளுக்கு நேரடியாக விநியோகிக்கிறோம்" என்ற மாதிரி இருந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெரிய எக்செல் வந்தது, பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரிசை. சரி, முடிந்தது என்று குறித்துவிட்டுப் போயிருக்கலாம். நெஸ்லே சூடு ஆறாததால் கொஞ்சம் கிளறினேன். ஒரே கடை இரண்டு தடவை இருந்தது, பிஸ்கட் வண்டிக்கு ஒரு தடவை, மிக்சர் வண்டிக்கு ஒரு தடவை. பெயர் எழுதுவதில் வேறுபாடு, "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்", "முருகன் ஸ்டோர்", "எம். ஸ்டோர்ஸ்", மூன்றுக்கும் ஒரே ஜிஎஸ்டி எண். நான்கு நாள் உட்கார்ந்து சலித்ததில் ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சியது. கம்பெனி ஆட்களுக்கு என் மேல் கோபம். வக்கீலும் அசோசியேட்டும் என் பக்கம். ட்ராஃப்டிங் செஷனில், அதாவது எல்லோரும் ஒரு அறைக்குள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துத் திருத்தும் கூட்டத்தில், அந்த ஒரு வரிக்கு நாற்பது நிமிடம் வாக்குவாதம் நடந்தது. மேனேஜிங் டைரக்டர் என்னைப் பார்த்து "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார், எட்டு வாரத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

பேக்கப் செய்யும்போது மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், இதைச் சொல்ல மறக்கக் கூடாது. கம்பெனியில் நமக்கு ஃபைல் அனுப்புகிற அக்கவுண்டன்ட் இருபது வருடமாக அங்கே இருப்பவர், தன் வேலையைவிட்டு நமக்காகத் தேடுகிறார். ஒரே நாளில் பத்து மெயில் போடாமல், கேள்விகளைச் சேர்த்து ஒரே பட்டியலாகச் சாயங்காலம் அனுப்புங்கள்.

படி 7: ஸ்லைடும் மெயிலும்

சுருக்கமாக. ஸ்லைடில் பெட்டிகள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், எழுத்தளவு ஒன்றாக இருக்க வேண்டும், கீழே ஆதாரம் எழுதியிருக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற சதவீதங்களைக் கூட்டினால் நூறு வர வேண்டும். அச்சடித்துப் பேனாவோடு படியுங்கள், திரையில் கண்ணுக்குப் படாதது காகிதத்தில் படும். ஃபைல் பெயரில் "ஃபைனல்" என்று எழுதவே எழுதாதீர்கள், பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். மெயில் அனுப்பும் முன் யாருக்குப் போகிறது என்று முகவரியை ஒரு தடவை சத்தமில்லாமல் வாசியுங்கள். ஒரே முதல் பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் நம் டீம், இன்னொருவர் எதிர்த்தரப்பு வக்கீல்.

படி 8: தூக்கம்

ஏப்ரலில் பெரும்பாலான நாள் ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு. தாக்கல் நெருங்கிய வாரத்தில் இரண்டு, மூன்று. பகலில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம், சாயங்காலம் ஏழு மணிக்கு மேலே இருந்து திருத்தம் வரும், அப்போதுதான் வேலையே தொடங்கும். பகலில் அந்த மூன்று மணி நேரம் வேலை செய்கிற மாதிரி நடிக்காமல், மறுநாளுக்குத் தேவையான ஆண்டறிக்கைகளை இறக்கி வையுங்கள், பேக்கப் ஃபைல்களுக்கு எண் போடுங்கள்.

முதல் இரண்டு வாரம் நான் வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு போனால்தான் நல்ல பெயர் என்று நினைப்பு. யாரும் கவனிக்கவே இல்லை. வேலை முடிந்துவிட்டால் "நான் கிளம்பலாமா, வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. 2013 ஆகஸ்டில் லண்டனில், பேங்க் ஆஃப் அமெரிக்கா மெரில் லிஞ்சில் இன்டர்னாக இருந்த 21 வயது மாணவர் ஒருவர் தங்கியிருந்த இடத்தில் இறந்து கிடந்தார். வலிப்பு வந்து இறந்ததாக விசாரணையில் தெரிந்தது, அதற்கு முன் தொடர்ந்து இரவுகளில் வேலை செய்திருந்தார். 2015இல் கோல்ட்மேன் சாக்ஸ் தன் கோடைக்கால இன்டர்ன்கள் நள்ளிரவுக்குள் கிளம்ப வேண்டும், காலை ஏழுக்கு முன் வரக்கூடாது என்று விதி போட்டது. ஆனாலும் 2021இல் அதே வங்கியின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த ஒரு கணக்கெடுப்பு வெளியே வந்தது, வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம் என்று. விதி ஒரு பக்கம், டீல் ஒரு பக்கம். உங்களுக்கு ஏதாவது உடம்புக் கோளாறு இருந்தால், மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், முதல் வாரமே டீமில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

படி 9: தப்பு செய்துவிட்டால்

செய்வீர்கள். உடனே சொல்லுங்கள். நீங்களே கண்டுபிடித்த தப்பை நீங்களே சொன்னால் ஐந்து நிமிட எரிச்சலோடு போய்விடும். "பக்கம் 14இல் கம்பெனி மூன்றின் கடன் தப்பு, 420 என்று இருப்பது 240, திருத்திய ஷீட் இணைத்திருக்கிறேன், இதனால் சராசரி 18.2இலிருந்து 17.9 ஆகிறது." இப்படி எது, எவ்வளவு, அதனால் என்ன மாறுகிறது என்று மூன்றும் ஒரே மெயிலில் இருக்க வேண்டும். மன்னிப்பு ஒரு தடவை போதும். நான் முதலில் நாலு வரி மன்னிப்பும் அரை வரித் திருத்தமும் எழுதினேன், "திருத்தம் எங்கே?" என்று பதில் வந்தது.

படி 10: கடைசி வாரம்

நான்காவது வாரத்தில் நீங்களாகவே போய் "எதில் குறை?" என்று கேளுங்கள். நான் ஆறாவது வாரத்தில் கேட்டேன், தாமதம். என் குறை என்று அவர்கள் சொன்னது: வேலை சுத்தம், ஆனால் கேட்டால்தான் வாய் திறக்கிறான், கூட்டத்தில் பேசவே மாட்டேன் என்கிறான். உண்மைதான். பிபிஓ கிடைத்தவள் தினமும் ஒரு கேள்வியாவது கேட்டாள், சிலது அசட்டுக் கேள்விதான், ஆனால் அவள் அறையில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கிளம்பும்போது மாடலையோ ஸ்லைடுகளையோ உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள், ஞாபகார்த்தமாகக்கூட வேண்டாம். கண்டிப்பாக மாட்டும். அடுத்து வருகிறவருக்கு எந்த ஃபைல் எங்கே, எந்த பேக்கப் பாக்கி என்று ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். ரெஸ்யூமேவில் கம்பெனி பெயரைப் போடக் கூடாது, ஆவணம் வெளியே வரும் வரை "உணவுப் பொருள் துறையில் ஒரு ஐபிஓ" என்று மட்டும் எழுதுங்கள். வெளியே வந்த பிறகும் எச்ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனியின் டிஆர்எச்பி செபி தளத்தில் ஏறிய அன்று நான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். இறக்கி, நேராகத் தொழில் விவரப் பகுதிக்குப் போய் என் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கடைகளைத் தேடினேன். அந்த வாக்கியமே இல்லை. கடை எண்ணிக்கையே வேண்டாம் என்று எடுத்துவிட்டிருக்கிறார்கள்.